அடிக்கடி டெஸ்ட் எழுதினால் பாடம் ஏன் மனதில் நிற்கிறது?

வாராவாரம் டெஸ்ட் வைப்பது பிள்ளைகளுக்குச் சுமையா, உதவியா? முறையாக வைத்தால் உதவிதான். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பதுதான் இங்கே டெஸ்ட்.

திரும்பத் திரும்ப வாசிக்கும்போது விடை கண்ணெதிரே இருப்பதால் மூளைக்குத் தேடும் வேலையே இல்லை. பார்த்துப் பழகியதைத் ‘தெரியும்’ என்று எண்ணிக்கொள்கிறோம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து எத்தனை தடவை போன வீடானாலும், தனியாகப் போகச் சொன்னால் எந்தச் சந்து என்று முழிப்போம். நாமே ஓட்டிப் போனால்தான் வழி பதியும்.

2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, ஒரு பாடத்தை இரண்டு தடவை வாசித்தவர்கள் அதில் 81 சதவீதத்தை நினைவிலிருந்து சொன்னார்கள். ஒருமுறை வாசித்து, ஒருமுறை எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. முதல்நாள் ராத்திரி உருப்போட்டவை பரீட்சை முடிந்ததும் காணாமல்போவது இதனால்தான்.

வீட்டில் செய்ய, பாடத்தை முடித்த இரண்டு நாளில் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை வெள்ளைத்தாளில் எழுதி, விட்டதைச் சிவப்புப் பேனாவில் சேர்த்தால் போதும்.

டெஸ்ட் என்றாலே மார்க்கும் ரேங்க்கும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மார்க்கே போடாத டெஸ்டிலும் இந்தப் பலன் கிடைக்கும்.