கேள்வி - பதில்: அம்மாவுக்கு ஒரு பூந்தோட்டம்

கேள்வி: தம்பி சிங்கப்பூரில் வேலை செய்கிறான். என்னையும் அம்மாவையும் நான்கு நாளைக்கு வரச் சொல்லி டிக்கட் எடுத்திருக்கிறான். அம்மா முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். முழங்கால் வலி வேறு. கடை கண்ணியில் அவருக்கு நாட்டமில்லை, பூந்தோட்டம் பார்க்கத்தான் ஆசை. எப்படிக் கூட்டிப் போவது, அக்கா?
- வாசகி, மஸ்கெலியா

பதில்: கடிதத்தைப் படித்ததும் என் அம்மாதான் கண்ணில் நின்றார், தங்கச்சி. அங்கே போனபோது "தோட்டத்துக்குப் போறோம்மா" என்றேன். "அங்கேயும் மலை ஏறணுமா?" என்று கேட்டார். நம் அம்மாமாருக்குத் தோட்டம் என்றால் வேலை. அதனால் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஓடாதீர்கள். செடிகளுக்கு நடுவில், வேலை இல்லாமல், அவர் உட்கார்ந்திருக்கட்டும்.

ஒரு முழுக் காலையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கே கொடுங்கள். 1859இல் தொடங்கிய பூங்கா அது. 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே போகக் காசில்லை. காலை 5 மணிக்கே திறந்திருக்கும். அங்கே நேரம் நம் இலங்கைக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தி. பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் விடியற்காலைக் கூட்டத்துக்கு, எழும்பிப் பழகிய அம்மாவுக்கு நாலரைக்கு விழிப்பு வந்தால், அங்கே ஏழு மணி, பொழுது விடிகிற நேரம். தேத்தண்ணியைக் குடித்த கையோடு கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறினால் அந்தப் புழுக்கத்தை மலைநாட்டு உடம்பு தாங்காது. குடையும் இருக்கட்டும், மழை சொல்லாமல் வரும்.

நேப்பியர் ரயில் நிலையத்தில் இறங்கினால் டாங்ளின் வாசல் கிட்ட. அந்தப் பக்கத்தில்தான் அன்னக்குளமும் பெரிய தெம்புசு மரமும் இருக்கின்றன. பூங்காவுக்கும் மூத்த மரம் அது. ஒரு கிளை தரைக்குச் சமமாக நீண்டு கிடக்கும். சிங்கப்பூரின் ஐந்து டொலர் நோட்டில் அந்த மரத்தின் படம் உண்டு. நோட்டை அம்மா கையில் கொடுத்து, மரத்தை அவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

என் அம்மா அங்கே ஒரு வேலியோரச் செடியின் தளிரைக் கண்டதும், இரண்டு விரலும் தானாக அதை நோக்கிப் போயின. கிள்ளவில்லை. கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் செடி வெட்டிக்கொண்டிருந்த தமிழ்நாட்டுத் தம்பி ஒருவரிடம், செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியை எப்படித் தீட்டுகிறீர்கள் என்று கால் மணி நேரம் விசாரித்தார். எந்தப் பூவையும் விட அந்தப் பேச்சுதான் அவருக்கு நினைவில் நின்றது.

எனக்கு நின்றது றப்பர் கதை. அப்பா கேகாலைப் பக்கம் பால் வெட்டியவர். மரத்தைச் சாகவிடாமல், பட்டையை மட்டும் மெல்லச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுக்கும் முறையை வகுத்தவர், 1888இல் அந்தப் பூங்காவின் பணிப்பாளராக வந்த ரிட்லி. அப்பா தினமும் விடியற்காலையில் செய்த வேலை அங்கிருந்து வந்தது என்று தெரிந்தபோது தொண்டை அடைத்தது.

ஓர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கட் வேண்டும், கொடுத்துப் பாருங்கள். உள்ளே ஒரு குளிர் வீடு இருக்கிறது. மலைக்காட்டுச் செடிகளோடு நம் ஊர்க் குளிரும் கிடைக்கும், அம்மா அங்கே மூச்சு விடுவார்.

கடலோரத்தில் 2012இல் திறந்த கார்டன்ஸ் பை த பேக்கு ஒரு மாலை போதும். அங்குள்ள ராட்சத இரும்பு மரங்களின் விளக்குக் காட்சி 7.45க்கும் 8.45க்கும் இலவசம். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் மேகக்காட்டை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். நுவரெலியாப் பக்கத்து ஹக்கலவில் மூடுபனிக்குள் நடந்தவர்களுக்கு அது எதற்கு?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து ஓர்க்கிட் கன்று ஒன்று கொண்டுவரலாமா? மாமியார் கேட்கிறார்.
- வாசகர், பண்டாரவளை

பதில்: பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். செடி கொண்டுவர இறக்குமதி அனுமதியும், நோயில்லை என்ற சான்றிதழும் வேண்டும். ஓர்க்கிட்டுக்குத் தனி அனுமதியும் உண்டு. சும்மா போட்ட சட்டமில்லை இது. 1869இல் கோப்பி இலையில் கண்ட ஒரு பூஞ்சணம் இருபது வருஷத்துக்குள் இந்த மலைகளின் கோப்பியையே அழித்தது. மாமியாரை ஒரு நாள் பேராதனைப் பூங்காவின் ஓர்க்கிட் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், விதவிதமாகப் பூத்திருக்கும்.