கீறல் மூடாததற்கு உங்கள் மூலக்கூறுதான் காரணமா?

ஹட்டனைச் சேர்ந்த, பேராதனையில் எம்ஃபில் செய்யும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "தேயிலைக் கொழுந்திலிருந்து ஈஜிசிஜி பிரித்தெடுத்து, டிஎன்எஃப் ஆல்ஃபா கொடுத்த ஏ549 நுரையீரல் கலங்களுக்கு 50 மைக்ரோமோலர் போட்டேன். 24 மணிநேரத்தில் கீறல் பாதிதான் மூடியது. எம்டிடியில் கலங்கள் சாகவில்லை. அழற்சியால் வரும் கல நகர்வை இது தடுக்கிறது என்று எழுதலாமா?"

மற்றவர்களுக்காக ஒரு வரி: ஈஜிசிஜி தேயிலையிலுள்ள ஒரு சேர்மம், டிஎன்எஃப் ஆல்ஃபா அழற்சியைத் தூண்டும் புரதம், ஏ549 ஆய்வுகூடத்தில் வளர்க்கும் நுரையீரல் புற்றுநோய்க் கலம். தட்டில் வளர்ந்த கலப் படலத்தில் ஒரு கீறல் போட்டு, கலங்கள் நகர்ந்து அதை மூடுகின்றனவா என்று பார்ப்பதுதான் சோதனை.

இப்போதைக்கு வேண்டாம், தங்கச்சி.

எனக்கு முதல் சந்தேகமே அந்த எம்டிடி மேல்தான். உயிருள்ள கலம் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும், அந்த ஊதாவைத்தான் அளக்கிறோம். ஆனால் ஈஜிசிஜி மாதிரிச் சேர்மங்கள் கலமே இல்லாமலும் அதை ஊதாவாக்கிவிடும், செத்த கலத்தை அது மறைத்துவிடும். தட்டில் கலம் போடாத குழிகளில் வளர்ப்பூடகமும் சேர்மமும் மட்டும் வைத்து எம்டிடி ஊற்றிப் பாருங்கள். ஊதா வந்தால் அந்தக் கணக்கை நம்ப முடியாது. அடுத்த முறை சேர்மத்தைக் கழுவிவிட்டு எம்டிடி போடுங்கள், மிதக்கும் கலங்களையும் சேர்த்து, செத்த கலத்தை மட்டும் நீலமாக்கும் டிரிப்பன் நீலத்தில் எண்ணுங்கள்.

இன்னொரு தொல்லை, ஈஜிசிஜி வளர்ப்பூடகத்திலேயே ஒட்சியேறி ஐதரசன் பெரொட்சைட்டை உண்டாக்கும். கலத்தை நிறுத்தியது அதுவாகவும் இருக்கலாமே? அந்தப் பெரொட்சைட்டைச் சிதைக்கும் கட்டலேஸ் நொதியைச் சேர்த்து ஒரு தொகுதி ஓட்டுங்கள். விளைவு மறைந்துபோனால் தலைப்பையே மாற்ற வேண்டிவரும்.

சரி, இதெல்லாம் தேறிவிட்டது என்று வைப்போம். 'அழற்சியால்' என்ற சொல்லுக்கு ஆதாரம் எங்கே? டிஎன்எஃப் கொடுக்காத கலங்களுக்கும் உங்கள் சேர்மத்தைப் போட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. நான்கு தொகுதி வேண்டும்: கரைப்பான் மட்டும், டிஎன்எஃப் மட்டும், சேர்மம் மட்டும், இரண்டும் சேர்த்து. டிஎன்எஃப் இல்லாமலும் கீறல் அதே அளவு தாமதித்தால், உங்கள் மூலக்கூறு பொதுவாகவே கலத்தை முடக்குகிறது, அழற்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிஎன்எஃப் கூட்டிவிட்ட நகர்வை மட்டும் குறைத்தால்தான் பேச்சு. அப்போது அழற்சி மரபணுக்களை இயக்கும் பி65 புரதம் கலத்தின் கருவுக்குள் போவது குறைகிறதா என்றும் பாருங்கள்.

ஏ549 கிட்டத்தட்ட ஒரு நாளில் இரட்டிப்பாகும், அதனால் 24 மணிநேரத்தில் மூடிய இடைவெளியில் பெருக்கமும் கலந்திருக்கும். மைட்டோமைசின் சி கொடுத்துப் பெருக்கத்தை நிறுத்துங்கள், அல்லது வளர்ப்பூடகத்தில் பெருக்கத்தைத் தூண்டும் சீரத்தைக் குறைத்து 8, 12 மணிநேரத்திலும் படமெடுங்கள். தட்டின் அடியில் பேனாவால் கோடு போட்டால் ஒவ்வொரு முறையும் அதே இடம் கிடைக்கும். பிறகு, கலங்கள் சவ்வின் துளை வழியே நகர்வதை அளக்கும் 8 மைக்ரோன் டிரான்ஸ்வெல்லிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து இதை பிளேன்டியோடு முடிச்சுப் போடாதீர்கள். தேத்தண்ணி குடித்து இரத்தத்தில் ஏறும் ஈஜிசிஜி பொதுவாக ஒரு மைக்ரோமோலரைக்கூட எட்டாது, நீங்கள் போட்டதோ 50.

கலமில்லாத குழிகளை முதலில் பாருங்கள், அரை நாள் வேலைதான்.