பசியோடு வந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 43 வயது. சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன், பள்ளி ஆசிரியை. தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் முன்னோர் ஒருவர் மிஷன் கஞ்சித் தொட்டிக்கு வந்து, அப்படியே சபையில் சேர்ந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். சென்ற மாதம் உடன் பணிபுரியும் ஒருவர், "நீங்களெல்லாம் அரிசிக்காக மாறியவர்கள்தானே?" என்று கேட்டுவிட்டார். கோபம் வந்ததே தவிரப் பதில் வரவில்லை.

அன்றிரவு நான் எதற்காக ஆலயத்துக்குப் போகிறேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மகளைப் பள்ளியில் சேர்க்க ஆயரிடம் கடிதம் வாங்கியிருக்கிறேன். அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு முன் பொருத்தனை, அதாவது நேர்ச்சை, செய்தேன். நரகத்தைப் பற்றிய பயம் சிறு வயதிலிருந்தே உண்டு. போகாவிட்டால் சபையார் என்ன நினைப்பார்கள் என்பதும் உண்டு. இவற்றைக் கழித்துவிட்டால் மிச்சம் என்னவென்று தெரியவில்லை. அப்பமும் ரசமும் பெற்றுக்கொள்ளும் இந்த மாதத் திருவிருந்தில், ஒவ்வொருவரும் தன்னைச் சோதித்தறிய வேண்டும் என்று ஆயர் சொன்னபோது என்னால் எழுந்து போக முடியவில்லை. எங்கள் தெருவில் துணி தேய்த்துக் கொடுக்கும் அம்மா பின்வரிசையிலிருந்து என்னைக் கடந்து போய்ப் பெற்றுக்கொண்டு வந்தார். அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. என் நோக்கம் சுத்தமாகும் வரை விலகியிருப்பதுதானே நேர்மை?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் முன்னோரிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கலக்கம் அவரிடமிருந்துதான் தொடங்கியிருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1877இன் தொடக்கத்தில் அரசு நிவாரணக் கூலியைக் குறைத்தபோது, நாள் முழுவதும் மண் சுமந்த ஓர் ஆணுக்குக் கிடைத்தது ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். அந்த நாட்களில் கஞ்சித் தொட்டியின் முன் நின்ற மனிதரிடம் அவருடைய நோக்கத்தை விசாரிக்கும் தகுதி உங்கள் சக ஊழியருக்கும் இல்லை, மூன்று வேளையும் உண்டுவிட்டு இதை எழுதும் எனக்கும் இல்லை. பஞ்சம் தீர்ந்ததும் கஞ்சித் தொட்டிகளை மூடிவிட்டார்கள். உங்கள் முன்னோர் சபையை விட்டுப் போகவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஆதாயத்துக்காக மாறினார்கள் என்பவர்கள், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினர் ஒருவர் கிறித்தவரானால் அந்தத் தகுதியை இழந்துவிடுகிறார் என்பதைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

கெட்ட குமாரன் உவமையை நீங்கள் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். அப்பாவின் சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்ட அவன் எதற்காக வீடு திரும்புகிறான்? அப்பாவின் மீதுள்ள பாசத்தினால் என்று லூக்கா எழுதவில்லை. அப்பாவின் வீட்டுக் கூலியாட்களுக்கு வயிறாரச் சாப்பாடு இருக்கிறது, நானோ இங்கே பட்டினியால் சாகிறேன் என்பதுதான் அவனுடைய கணக்கு. வழியில் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வருகிறான். அதன் கடைசி வரி, என்னைக் கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்பது. அந்த வரியை அவன் சொல்வதாகவே உவமையில் இல்லை. பேச்சில் அவன் அந்த வரிக்கு வருவதற்குள் தகப்பன் ஆடைக்கும் மோதிரத்துக்கும் ஆள் அனுப்பிவிடுகிறார். ஏன் திரும்பி வந்தாய் என்ற கேள்வி அந்த வீட்டில் எழவேயில்லை.

என் பாட்டி சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்து லயனில் வாழ்ந்தவர். காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு மருந்து கொடுத்தவர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், அதனால் தானும் போனேன் என்று அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்ல அவர் கூச்சப்பட்டதில்லை. அவருடைய அடுப்பங்கரையில் மூடி நசுங்கிய ஒரு பிஸ்கட் தகரம் இருக்கும். உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்து அந்தத் தகரத்தில் போடுவார். பழம் பறிப்பு முடிந்து கூலி மெலிந்த மாதங்களிலும் அந்தக் கைப்பிடி சிறுத்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைத் துணியில் முடிந்து காணிக்கையாகக் கொண்டுபோவார். தம்மைவிட இல்லாதவர்களுக்கு அந்த அரிசி போகும் என்பது அவருக்குத் தெரியும். மருந்துக்காகக் கோயிலுக்குப் போன ஒருத்தி எந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வேறு ஒன்றுக்காகப் போகத் தொடங்கினாள் என்று என்னால் சொல்ல முடியாது. அவராலும் சொல்லியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

நோக்கத்தைச் சோதிப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. அப்பம் தின்று வயிறு நிறைந்ததால்தான் என்னைத் தேடி வந்தீர்கள் என்று இயேசுவே ஜனங்களின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். ஆனால் யோவான் ஆறாம் அதிகாரத்தை முடிவு வரை படியுங்கள்: அவர் யாரையும் விரட்டவில்லை, அவருடைய பேச்சு கடினமாயிருக்கிறதென்று அவர்களாகவே போய்விட்டார்கள். யோபு சும்மாவா தேவனுக்குப் பயப்படுகிறான் என்று கேட்டவன் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அது தேவன் கேட்ட கேள்வியல்ல, சாத்தான் கேட்டது. இரவில் உங்களைத் தூங்கவிடாத குரல் இவற்றில் எதைப் போலிருக்கிறது என்று கவனியுங்கள். ஒன்று குறையைச் சொல்லிவிட்டும் அப்பத்தைப் பற்றியே பேசுகிறது. மற்றதற்கு நீங்கள் எழுந்து போகாமலிருந்தாலே போதும்.

இனித் திருவிருந்துக்கு வருகிறேன். ஆயர் சொன்ன அந்த வசனத்தின் முற்பாதியோடு நீங்கள் நின்றுவிட்டீர்கள். தன்னைச் சோதித்தறிந்து, பிறகு அப்பத்தைப் புசித்துப் பாத்திரத்தில் பானம்பண்ண வேண்டும் என்பதே கொரிந்து நகரச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதியது. சோதித்தறிந்து விலகியிருக்க வேண்டும் என்று அவர் எழுதவில்லை. அதற்குச் சற்று மேலேயே, கொரிந்து சபையில் அவர் கண்டித்த தவறு என்னவென்றும் இருக்கிறது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடிருந்தார்கள், இல்லாதவர்களை அவர்கள் வெட்கப்படுத்தினார்கள். அவர் சோதிக்கச் சொன்னபோது கண்முன் இருந்தது இந்தப் பந்திதான். மனத்தின் அடியாழத்தில் எத்தனை பங்கு பக்தி, எத்தனை பங்கு பயம் என்று நிறுத்துப் பார்க்கச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த எடையை நம்மில் யாராலும் போட முடியாது.

ஆகவே நீங்கள் எழுதிய நான்கில் மூன்றை அப்படியே விட்டுவிடுங்கள். தாயின் உயிருக்காகச் செய்த பொருத்தனையில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குழந்தையில் ஏறிய பயம் மெல்லத்தான் இறங்கும். சபையாரின் பார்வைக்கு அஞ்சாதவர் அபூர்வம். மகளுக்காக வாங்கிய கடிதத்தை மட்டும் அப்படி விட என் மனம் ஒப்பவில்லை. அது தவறென்று சொல்லவில்லை. ஆனால் அதே கடிதம் தேவைப்பட்டும் ஆயரிடம் கேட்கத் துணியாதவர்கள் உங்கள் சபையில் இருப்பார்கள், அவர்களில் ஒருவருக்காக நீங்கள் போய்க் கேட்கலாம்.

துணி தேய்க்கும் அம்மாவைப் பற்றிப் பொறாமை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே தெருவில் இருந்தும், ஒரே ஆலயத்தில் தொழுதும், உங்கள் கடிதத்தில் அவருக்குப் பெயரில்லை. ஒருவேளை என்னிடம் சொல்லத் தேவையில்லை என்று விட்டிருக்கலாம். தெரியாது என்றால், அடுத்த திருவிருந்துக்கு இன்னும் நாளிருக்கிறது. துணியை வாங்கப் பிள்ளையை அனுப்பாமல் நீங்களே போங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வழக்கமான இடத்தில் உட்காராமல் பின்வரிசையில் அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எழும்போது நீங்களும் எழுந்து போங்கள்.

அன்புடன்.