பெசராபியா: கூப்பிட்டது யார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

முதல் உலகப்போரின் கடைசி வருடங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘1918 ஜனவரி 13 அன்று ருமேனியப் படை பெசராபியாவின் தலைநகரை ஆக்கிரமித்தது’ என்று ஒரு வரி வருகிறது. என்னோடு வேலை பார்க்கும் ருமேனியர் ஒருவரிடம் மதியச் சாப்பாட்டின்போது அதைச் சொன்னேன். அவருக்கு முகமே மாறிவிட்டது. “அங்கிருந்தவர்கள்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். போய்க் கலகத்தை அடக்கினோம். பிறகு அவர்களே ஓட்டுப்போட்டு எங்களோடு சேர்ந்தார்கள்” என்றார். எது சரி? இன்னொரு சந்தேகம். இணையத்தில் தேடினால் இதே சம்பவத்துக்கு ஜனவரி 26 என்றும் போட்டிருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. கூப்பிட்டார்கள் என்பது உண்மைதான். யார் கூப்பிட்டார்கள், எதற்கு என்பதில்தான் சிக்கல்.

புரூத், தினீஸ்தர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் கிடக்கும் நிலம் பெசராபியா, பெரும்பகுதி இன்றைய மால்டோவா. 1812இல் துருக்கியரிடமிருந்து ரஷ்ய ஜாரின் கைக்குப் போனது. 1897 கணக்கெடுப்பின்படி ருமேனிய மொழி பேசும் மால்டோவர்கள் அங்கே பாதிக்குச் சற்றுக் குறைவு. மற்றவர்கள் உக்ரைனியர், யூதர், ரஷ்யர், பல்கேரியர், ஜெர்மானியர், ககாவுஸ்கள். தலைநகர் கிஷினெவில் மட்டும் பார்த்தால் யூதர்களே ஏறக்குறைய பாதிப்பேர்.

1917இல் ஜார் போய், அவருக்குப் பின் வந்த இடைக்கால அரசும் போனதும், சிப்பாய்களும் விவசாய அமைப்புகளும் கட்சிகளும் சிறுபான்மையினரும் ஆளனுப்பி ஓர் அவையை அமைத்துக்கொண்டார்கள். ஸ்ஃபாதுல் த்ஸரி என்று பெயர், நாட்டு அவை என்று அர்த்தம். பொதுத்தேர்தல் எதுவும் நடக்கவில்லை. டிசம்பரில் அது மால்டாவியக் குடியரசை அறிவித்தது. குடியரசு வந்துவிட்டது, அதைக் காக்கச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு படை இல்லை.

புரூத் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ருமேனியாவின் கதை இதைவிட மோசம். 1916 டிசம்பரில் புக்கரெஸ்ட் ஜெர்மானியர் வசம் விழுந்துவிட்டது. மன்னர், அமைச்சர்கள், ராணுவம், அகதிகள் எல்லோரும் யாஷ் நகரிலும் சுற்றுப்புறத்திலும் அடைந்துகிடந்தார்கள். டைஃபஸ் காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். தோளோடு தோள் நின்று போரிட்ட ரஷ்யச் சிப்பாய்கள் இப்போது துப்பாக்கியோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள், வழியில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு. ருமேனியப் படையின் தானியக் கிடங்குகளும், அவற்றிலிருந்து சாப்பாடு வரவேண்டிய ரயில்பாதையும் பெசராபியாவில் இருந்தன. ஆக, கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் யாஷில் இருந்தவர்களுக்கு அங்கே போகவேண்டிய தேவை இருந்தது.

கூப்பிட்ட விதத்தையும் பாருங்கள். கிஷினெவ் அரசின் சிலர் சத்தமில்லாமல் யாஷுக்கு ஆளனுப்பிப் படை கேட்டார்கள். செய்தி வெளியே கசிந்ததும் ஊர் கொதித்தது. பழைய நாட்காட்டிக் கணக்குப்படி ஜனவரி 6ஆம் தேதி கீவிலிருந்து ஒரு ரயிலில் டிரான்சில்வேனியத் தன்னார்வலர்கள் வந்து இறங்கினார்கள். ஆஸ்திரிய–ஹங்கேரியப் படையில் இருந்து ரஷ்யர்களிடம் சிறைப்பட்ட ருமேனியர்கள் அவர்கள். லெனின் கட்சிக்காரர்களான போல்ஷெவிக்குகள் கிஷினெவ் ரயில் நிலையத்திலேயே மடக்கி ஆயுதங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவைத் தலைவர் இயோன் இன்குலெட்ஸ், ருமேனியப் படை வருவதைக் கண்டித்து யாஷுக்குத் தந்தி அடித்தார். போல்ஷெவிக்குகளுக்குப் பயந்து அடித்தது என்று பின்னாளில் சொன்னார்கள், இருக்கலாம். ஒரு வாரம் கழித்து ஜெனரல் ப்ரோஷ்டியானுவின் 11ஆம் டிவிஷன் நகருக்குள் வந்தபோது வரவேற்றவர்களில் அதே இன்குலெட்ஸும் உண்டு. 1930களில் அவர் ருமேனியாவின் உள்துறை அமைச்சர்!

படை நுழைந்த அன்றே லெனினின் அரசு ருமேனியாவோடு உறவை முறித்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று மாஸ்கோவுக்கு அனுப்பிவைத்திருந்த ருமேனியத் தேசிய வங்கியின் தங்கத்தையும் முடக்கியது. ஏறக்குறைய 91 டன். அதோடு போன கலைப்பொருட்களில் ‘கோழியும் குஞ்சுகளும்’ என்று மக்கள் செல்லமாக அழைக்கும் பழங்காலப் பொற்குவியல் 1956இல் திரும்பி வந்தது. வங்கித் தங்கம் வரவில்லை. 2024இல்கூட ஐரோப்பிய நாடாளுமன்றம் அதைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. உங்கள் நண்பரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள், சாப்பாடு ஆறிவிடும்.

நான் ‘ஆக்கிரமித்தது’ என்று எழுதக் காரணம் அழைப்பு அல்ல, படை போனபின் போட்ட ஒரு கையெழுத்து. 1918 மார்ச் தொடக்கத்தில் ருமேனியப் பிரதமர் அவெரெஸ்கு, சோவியத் தரப்பில் ரகோவ்ஸ்கியோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். இரண்டு மாதத்தில் பெசராபியாவைக் காலிசெய்கிறோம், கிடங்குகளையும் ரயில்பாதையையும் காக்க 10,000 பேரை மட்டும் விட்டுவைக்கிறோம் என்று. (இந்த ரகோவ்ஸ்கி, முந்தைய வருடம் யாஷில் ருமேனியச் சிறையிலிருந்து ரஷ்யச் சிப்பாய்களால் மீட்கப்பட்டவர். எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருந்தால் பார்க்கவேண்டிய காட்சி.) நான்கைந்து நாளில் ஜெர்மன், ஆஸ்திரியப் படைகள் சோவியத் தரப்பு இருந்த ஒடெஸா துறைமுக நகரைப் பிடித்தன. ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லிக் கேட்க அங்கே சோவியத் ஆட்களே இல்லை. படை அங்கேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் உங்கள் நண்பர் சொல்லும் ஓட்டு. ஏப்ரல் 9, பெயர் கூப்பிட்டு வெளிப்படையாக எடுத்த வாக்கெடுப்பு. ஆதரவு 86, எதிர்ப்பு 3, வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 36, வராதவர்கள் 13. ஒதுங்கியவர்களில் பெரும்பாலோர் சிறுபான்மைப் பிரதிநிதிகள். அடுத்த ருமேனியப் பிரதமர் மார்கிலோமன் நேரில் வந்து பேசிவிட்டு, ஓட்டெடுப்பின்போது அவையைவிட்டு வெளியே போனார். அவர் வெளியே போனார், சரி. படை நகரத்தைவிட்டு வெளியே போகவில்லையே.

மால்டோவர்களில் நிறையப்பேர் மனதார ருமேனியாவை விரும்பினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நிலச்சீர்திருத்தமும் தன்னாட்சியும் வேண்டுமென்று நிபந்தனை வைத்துத்தான் சேர்ந்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் அவையே அந்த நிபந்தனைகளைக் கைவிட்டது. 1919இல் ஹோதினிலும் பெண்டரிலும், 1924இல் தத்தார்புனாரியிலும் கிளர்ச்சிகள் வெடித்தன. சோவியத் தூண்டுதல் இருந்தது, அது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை.

தேதி விஷயம். ருமேனியா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, நம் நாட்காட்டிக்கு 13 நாள் பின்னால். 1919 ஏப்ரலில்தான் மாறியது. அதனால்தான் ஏப்ரல் 9 இணைப்பை அவர்கள் இன்றும் மார்ச் 27 அன்று கொண்டாடுகிறார்கள். அங்கே ஜனவரி 13, இங்கே ஜனவரி 26, இரண்டும் ஒரே நாள். கட்டுரையின் மற்ற இடங்களிலெல்லாம் புதிய கணக்கில் எழுதிவிட்டு அந்த ஒரு வரியில் மட்டும் பழைய தேதியை விட்டது என் கவனக்குறைவு. 26 என்று மாற்றிவிட்டேன். ‘ஆக்கிரமித்தது’ என்பதை மாற்றவில்லை.