மெஷினுக்கு 35,000, கிரைண்டருக்கு 5,000 – இந்தக் கணக்கு சரியா?

கேள்வி: வீட்டில் எஸ்பிரெஸோ போட ரொம்ப நாள் ஆசை. மொத்தம் 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். 35,000-க்கு நல்ல மெஷின், மீதி 5,000-க்குக் காபிக்கொட்டை அரைக்க ஏதாவது ஒரு கிரைண்டர் என்று திட்டம். மிக்ஸியிலேயே அரைத்துக்கொண்டால் அந்த 5,000-மும் மிச்சம் என்கிறார் மனைவி. 15 பார், 20 பார் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்களே, எதை வாங்குவது? – கோவை வாசகர்

பதில்: கிரைண்டரைக் கடைசியில் வைத்துவிட்டீர்கள், அங்கேதான் சிக்கல். குறைந்தது 12,000, 15,000-ஆவது அந்தப் பக்கம் தள்ளுங்கள். மெஷின் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

ஃபில்டர் காபியில் பொடி முன்னே பின்னே இருந்தால் டிகாக்‌ஷன் சீக்கிரம் இறங்கும், இல்லை மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். எஸ்பிரெஸோ பம்பின் அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபி, அதில் மொத்தக் கூத்தும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 18 கிராம் பொடி போட்டு, 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் காபி இறங்க வேண்டும் என்பது பலரும் ஆரம்பிக்கும் கணக்கு. பம்பு தண்ணீரைத் தள்ள மட்டும்தான் செய்யும். அதைத் தடுத்து நிறுத்தி மெதுவாக விடுவது அந்தப் பொடி. கொஞ்சம் கொரகொரப்பாகப் போனால் அதே 36 கிராம் 12 விநாடியில் கொட்டிவிடும், குடித்தால் பல் கூசுகிற புளிப்பு. கொஞ்சம் நைசு கூடிப்போனால் மெஷின் முனகிக்கொண்டே நிற்கும், கப்பில் சொட்டு விழாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நல்ல கிரைண்டரில் நைசைக் கூட்டிக் குறைக்கும் வளையத்தின் சில கிளிக்தான் வித்தியாசம். 5,000 ரூபாய் மோட்டார் கிரைண்டர் பலவற்றில் அந்த நடு இடமே கிடையாது, ஒரு கிளிக்கில் கொட்டும், அடுத்ததில் அடைத்துக்கொள்ளும்.

மிக்ஸி வேண்டவே வேண்டாம். பிளேடு கண்டபடி வெட்டும், ஒரே ஜாரில் ரவையும் இருக்கும், முகப்பவுடர் மாதிரி தூசியும் இருக்கும். தண்ணீர் இளகின இடமாகப் பார்த்து ஓட்டை போட்டு ஓடிவிடும், அதனால் ஒரே கப்பில் கசப்பு, புளிப்பு இரண்டும் வரும். வீட்டம்மாவிடம் என் பெயரைச் சொல்லி இதைச் சொல்லலாம், திட்டு எனக்கு வரட்டும்.

பார் விஷயம், அது அழுத்தத்தின் அளவு. பெட்டியில் இருக்கும் 15-ம் 20-ம் பம்பு அதிகபட்சம் எவ்வளவு தள்ளும் என்பது. காபிக்குத் தேவை சுமார் 9. ககியா கிளாசிக் என்ற மெஷினை வைத்திருப்பவர்கள் பல வருடமாக உள்ளே இருக்கும் வால்வு ஸ்பிரிங்கை மாற்றி அழுத்தத்தை 9-க்குக் குறைத்துக்கொண்டிருந்தார்கள் என்றால் பாருங்கள். 20 பார் என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

அதைவிட முக்கியம், உள்ளே வரும் வடிகட்டிக் கிண்ணத்தைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் ஒரே ஒரு ஊசித் துளை இருந்தால் அது இரட்டைத் தட்டு உள்ளது, பொடி எப்படி இருந்தாலும் துளையே அழுத்தத்தை உண்டாக்கி நுரை காட்டிவிடும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிப்பவருக்கு அதுவே போதும், நான் மட்டம் தட்ட மாட்டேன். ஆனால் கிரைண்டருக்குக் காசு போடுகிறவர்கள், அடி முழுக்கத் துளைகள் உள்ள சாதாரணக் கிண்ணம் அந்த மெஷினுக்குக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கிண்ணத்தின் அளவு மெஷினுக்கு மெஷின் மாறும்: டெலாங்கி டெடிகாவுக்கு 51 மில்லிமீட்டர், பிரெவில் பம்பினோவுக்கு 54, ககியா கிளாசிக்குக்கு 58. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் சேராது.

உங்கள் பட்ஜெட்டுக்குக் கைக் கிரைண்டர்தான் என் ஓட்டு. மோட்டாருக்குப் போகிற காசு அரைக்கும் பற்களுக்குப் போகிறது. ஒன்இசட்பிரெஸோ, கிங்கிரைண்டர் என்ற இரண்டு பிராண்டிலும் எஸ்பிரெஸோவுக்கு ஏற்ற மாடல்கள் உண்டு. 18 கிராம் அரைக்க ஒரு நிமிடம் போல ஆகும். விருந்தாளி நாலு பேர் வந்தால் கை கழன்றுவிடும், அன்றைக்குப் பேசாமல் ஃபில்டர் காபி போடுங்கள். அப்புறம், 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்று, மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணன் அமெரிக்காவிலிருந்து வருகிறார். அங்கே மெஷின் மலிவாம். வாங்கிவரச் சொல்லலாமா? – மதுரை வாசகி

பதில்: வேண்டாம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் செருகினால் ஹீட்டர் மூன்றரை மடங்குக்கு மேல் சக்தி இழுத்து அங்கேயே கருகும். 1,400 வாட் மெஷினுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் அது மெஷின் அளவுக்குக் கனமாக சமையலறையில் உட்கார்ந்திருக்கும், அப்படியும் ஹெர்ட்ஸ் மாறாது. சின்ன மெஷின்களில் இருக்கும் அதிர்வுப் பம்பு கரண்டின் துடிப்புக்குத் தக்கபடி அடிப்பது, இங்கே மந்தமாகத்தான் அடிக்கும். சிங்கப்பூர், ஜெர்மனியிலிருந்து வந்தால் பிளக்கை மாற்றினால் போதும், ஆனால் வாரண்டி இங்கே செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1,500 வாட் மெஷின் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் பிளக் பாயிண்டும் வேண்டும்.

அண்ணன் வெறுங்கையோடு வர வேண்டியதில்லை. கைக் கிரைண்டர் வாங்கிவரச் சொல்லுங்கள், அதற்குக் கரண்டே வேண்டாம்.

கேள்வி: வழக்கமாக வாங்கும் 80-20 பொடியையே (80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி) மெஷினில் போடலாமா? – கும்பகோணம் வாசகர்

பதில்: போட்டுப் பார்த்தவன் சொல்கிறேன், வேண்டாம். சிக்கரி தண்ணீர் பட்டதும் பிசுபிசுத்துக்கொள்ளும். ஃபில்டரில் அதனால்தான் டிகாக்‌ஷன் கெட்டியாக மெதுவாக இறங்குகிறது, நமக்கும் பிடிக்கிறது. என் முதல் மெஷினில் ஒரு நிமிடம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. அழுத்தத்தை வெளியே விடும் வால்வு அந்த மெஷினில் கிடையாது, அது தெரியாமல் பொடிக் கிண்ணம் மாட்டியிருக்கும் கைப்பிடியைத் திருப்பிவிட்டேன். புஸ்ஸென்று பொடியும் தண்ணீரும் சுவரில், காலண்டரில், என் சட்டையில். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிக்கரி கலக்காத கொட்டையாக வாங்குங்கள். பாக்கெட்டில் வறுத்த தேதி இருக்க வேண்டும், வறுத்து ஒரு வாரம் பத்து நாள் ஆனபின் நன்றாக இருக்கும். நம் நாக்குக்குக் கெட்டியாக வேண்டுமென்றால் ரொபஸ்டா கொஞ்சம் கலந்ததைக் கேளுங்கள், நுரையும் நிறைய வரும்.

ஏற்கெனவே 80-20 போட்டுவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். மெஷின் ஆறியதும் மேலே இருக்கும் ஷவர் தட்டைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். கிண்ணத்தையும் அப்படியே கழுவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், அடைத்த துளை இருந்தால் கண்ணிலேயே தெரியும்.