இறக்கத்தில் வந்த மயக்கம் மலை நோயா?

கேள்வி: எனக்கு 56 வயது. சுவிஸில், பேர்னில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை. பல வருடமாக நீரிழிவு. மெட்ஃபோர்மினும் டயமைக்ரோனும் எடுக்கிறேன். பிரஷருக்கு, நீர் போக்கும் மருந்தும் சேர்ந்த குளிசை ஒன்று. போன மாதம் நண்பர்களோடு கிரிண்டல்வால்டில் இருந்து பாஹால்ப்சே ஏரிக்கு நடந்தே ஏறி நடந்தே இறங்கினேன். காலை ஆறு மணிக்கு இரண்டு துண்டுப் பாண், தேநீர், வழக்கமான குளிசைகள். ஏரியடியில் ஓர் அப்பிள் மட்டும். ஏறும்போது ஒன்றுமில்லை. பின்னேரம் இறங்கும்போது, போர்ட் என்ற கேபிள் கார் நிலையத்துக்குக் கொஞ்சம் மேலே, வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் மங்கி உட்கார்ந்துவிட்டேன். என்ன என்று கேட்ட நண்பரிடம் எரிந்து விழுந்தேனாம். கோலாவும் சொக்லேட்டும் தந்தார்கள். சற்று நேரத்தில் தெளிந்தது. இது மலை நோய், அடுத்த முறை டயமொக்ஸ் குளிசை போட்டுக்கொண்டு ஏறு என்கிறார்கள். போடலாமா? பிறகு மூன்று நாள் தொடை வலியில் படி இறங்க முடியவில்லை. இனி மலைப்பக்கமே போகக் கூடாதா?

பதில்: டயமொக்ஸ் வேண்டாம். உங்களுக்கு வந்தது மலை நோய் அல்ல, இரத்தத்தில் சீனி இறங்கியது. அந்த நேரம் விரலில் குத்திப் பார்த்த அளவு இல்லாததால் நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதெல்லாம் அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். கிரிண்டல்வால்ட் 1,034 மீட்டர், ஏரி 2,265 மீட்டர். மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தொந்தரவு தரும். அதுவும் போய்ச் சேர்ந்தவுடன் வராது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் அங்கேயே இரவு தங்குபவர்களுக்கு, தலையிடியோடு தொடங்கும். கீழே இறங்கினால் குறையும். உங்களுக்கு நடந்தது நேர் எதிர். ஏரியடியில் நன்றாக இருந்தீர்கள்; அறுநூறு மீட்டருக்கு மேல் இறங்கிய பிறகு உட்கார்ந்துவிட்டீர்கள். தலையிடி என்ற சொல்லே உங்கள் கடிதத்தில் இல்லை. கோலா குடித்துத் தெளிகிற மலை நோயும் கிடையாது.

சீனிக் கணக்கு எப்படிப் போயிருக்கும்? மெட்ஃபோர்மின் தனியாக எடுத்தால் சீனியை அபாயமாக இறக்குவது அரிது. டயமைக்ரோன் அப்படியல்ல. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும்; நீங்கள் சாப்பிட்டீர்களா, மலை ஏறினீர்களா என்று பார்க்காது. ஒரு நாளைக்கு ஒரு தடவை எடுக்கும் வகையென்றால் நாள் முழுக்க வேலை செய்யும். நீங்களோ 1,200 மீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறீர்கள். அந்த ஏற்றத்தில் தசைகளில் இருந்த சீனிச் சேமிப்பு கரைந்தது. ஈரலில் இருந்ததும் குறைந்தது. ஆறு மணிப் பாண் பத்து மணிக்கே முடிந்திருக்கும். மத்தியானம் உள்ளே போனது ஓர் அப்பிள். நீரிழிவுக்காரர் பலர் இதைத்தான் செய்கிறார்கள்: நடக்கிற நாளில் குறைவாகச் சாப்பிட்டால் இரட்டை நன்மை என்று நினைப்பு. டயமைக்ரோன் எடுப்பவருக்கு அது ஆபத்து. நண்பரிடம் எரிந்து விழுந்ததற்காக வெட்கப்பட வேண்டாம். சீனி இறங்கினால் மூளை முதலில் பொறுமையைத்தான் இழக்கும். கூட நடப்பவர்கள் கவனிக்க வேண்டிய அடையாளமும் அதுதான்.

இறங்குவது ஓய்வு மாதிரி என்று நினைப்பதும் சரியில்லை. செங்குத்தான இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. மூச்சு வாங்காது, அதனால் வேலை நடப்பதே தெரியாது. ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க்கில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே ஆட்களை இரண்டு மாதம் மலை ஏற வைத்துக் கேபிளில் இறக்கினார்கள். இன்னும் இரண்டு மாதம் கேபிளில் ஏற்றி நடந்து இறங்க வைத்தார்கள். உடல் சீனியைக் கையாளும் திறன் கூடியது இறங்கிய மாதங்களில்தான்! ஏறிய மாதங்களில் இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறைந்தது. ஆக, இறக்கம் நீரிழிவுக்குப் பகையே இல்லை. பழக்கமில்லாத உடம்போடு, வெறும் வயிற்றில், ஒரே நாளில் முழு இறக்கத்தையும் எடுத்ததுதான் பிழை.

மூன்று நாள் தொடை வலியும் அங்கிருந்து வந்ததே. நீண்டுகொண்டே பாரம் தாங்கிய தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும். வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்குப் போய்த் தானாக அடங்கும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் மட்டும் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். வாரம் இரண்டு மூன்று தடவை மாடிப்படிகளில் நிதானமாக இறங்கிப் பழகினால் அடுத்த முறை வலி நன்றாகக் குறையும். நடைக்கோல் இரண்டு வாங்குங்கள். கிழவனுக்குத்தான் கோல் என்று நம்மவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முழங்காலில் விழும் பாரத்தை அது உண்மையாகவே குறைக்கும். மலையில் ஆட்கள் தடுக்கி விழுவதும் பெரும்பாலும் இறக்கத்தில், களைத்த காலோடுதான்.

டயமொக்ஸ் ஏன் வேண்டாம் என்றால், அதுவும் நீர் போக்கும் மருந்து. உங்கள் பிரஷர் குளிசையில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது. கோடை வெயிலில் வியர்வையும் சேர்ந்தால் உடம்பு வற்றி, எழும்பி நிற்கும்போது தலை சுற்றும். அதற்காக லீற்றர் கணக்கில் வெறும் தண்ணீரை வலிந்து குடிக்கவும் வேண்டாம், உப்பு நீர்த்துப்போகும். தாகத்துக்குக் குடியுங்கள், இடையில் உப்புச் சேர்ந்த ஏதாவது கடியுங்கள்.

அடுத்த நடைக்கு முன் உங்கள் வைத்தியரிடம் இரண்டு விஷயம் பேச வேண்டும். ஒன்று, மலை ஏறும் நாளில் டயமைக்ரோனைக் குறைப்பதா, விடுவதா என்பது. பிரஷர் குளிசையையும் அதோடு கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மற்றது இதயம். 56 வயது ஆண், நீரிழிவு, பிரஷர், திடீரென்று ஒரு நாள் கடும் ஏற்றம்: ஆல்ப்ஸ் நடைகளில் திடீர் மாரடைப்பு பெரும்பாலும் இப்படியானவர்களுக்குத்தான் வருகிறது. நீரிழிவில் நெஞ்சுவலி தெரியாமலே போகலாம். நடந்தபடி எடுக்கும் ஈசிஜி தேவையா என்று கேளுங்கள். மலையில் ஒரு முழு வாக்கியம் பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். தாடை, தோள், நெஞ்சு இறுகினால் அங்கேயே நில்லுங்கள்.

நடை நாளில் சீனி அளக்கும் கருவி சட்டைப் பையில் இருக்கட்டும். புறப்படும்போது அளவு (லீற்றருக்கு மில்லிமோல் கணக்கில்) 5க்குக் கீழே என்றால் முதலில் சாப்பிடுங்கள். வழியில் மணிக்கொரு தடவை பாணோ வாழைப்பழமோ கொஞ்சம். 4க்குக் கீழே போனால், அல்லது நடுக்கம் தொடங்கினாலே, குளுக்கோஸ் வில்லையோ 150 மில்லிலீற்றர் சாதாரணக் கோலாவோ எடுத்து 15 நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். சீரோ கோலாவில் பிரயோசனமில்லை. சொக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சீனி மெதுவாகத்தான் ஏறும். உங்களைத் தூக்கிவிட்டது கோலாதான். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அம்புலன்சுக்கு 144ஐ அழைக்க வேண்டும். ஹெலிகொப்டர் மீட்புக்கு 1414. இதை நண்பர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அன்றிரவு படுக்கும் முன்பும் ஒரு தடவை குத்திப் பாருங்கள். காலியான தசைகள் இரவிலும் சீனியை இழுத்துக்கொண்டிருக்கும்.

வீடு வந்ததும் சப்பாத்தைக் கழற்றி விரல் நுனிகளையும் பாதத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். இறக்கத்தில் கால் முன்னே சறுக்கிப் பெருவிரல் சப்பாத்தின் நுனியில் இடித்துக்கொண்டே வரும். நகத்தின் கீழ் இரத்தம் கட்டினால்கூட நீரிழிவுக் காலுக்குத் தெரியாமல் போகலாம். இறங்கத் தொடங்கும் முன் கணுக்காலடியில் நாடாவை இறுக்கிக் கட்டினால் இது பெருமளவு குறையும்.

மலைப்பக்கம் போகக் கூடாதா என்று கேட்டீர்கள். வைத்தியர் சரி சொன்ன பிறகு தாராளமாகப் போங்கள். முதல் சில தடவை மேல் நிலையமான ஃபிர்ஸ்ட் வரை கேபிளில் போய், அங்கிருந்து ஏரிக்கு நடந்து திரும்புங்கள். அது மெதுவான ஏற்றம். பிறகு கிரிண்டல்வால்டில் இருந்தே நடந்து ஏறலாம், இறங்குவது மட்டும் கேபிளில். கடைசிக் கேபிள் எத்தனை மணிக்கு என்று ஏறும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.