போஸ்டர் வந்துவிட்டது, கேம் எங்கே?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 18 வயது. உவர்மலையில் இருக்கிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறேன். கட்டாரிலிருந்து மாமா கொண்டுவந்து தந்த பழைய பிஎஸ்பி-3000 (கையில் வைத்து விளையாடுகிற கேம் மெசின்) ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் ஓடுகிற மாதிரி நானே ஒரு கேம் எழுதத் தொடங்கினேன். கொட்டியாரக் குடாவில் வள்ளம் ஓட்டி மீன் பிடிக்கிற கேம். "முழுக்கத் தமிழில் முதல் பிஎஸ்பி கேம், 12 கட்டங்கள், இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாம், தைப்பொங்கலுக்கு வருகிறது" என்று போஸ்டர் செய்து வட்ஸ்அப்பில் போட்டேன். எங்கள் ஐசிடி சேர் காலைக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். பொங்கல் போய்விட்டது. தலைப்புத் திரை இருக்கிறது, வள்ளம் ஓடுகிறது, அவ்வளவுதான். தமிழ் எழுத்தும் உடைந்து உடைந்து வருகிறது. பின்னேரம் உட்துறைமுக வீதிப் பக்கம் போனால் "எங்க மச்சான் கேம்?" என்று கேட்கிறார்கள். அதனால் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். இதை இப்படியே விட்டுவிட்டு வேறொரு கேமை அறிவிக்கலாமா? முடியும்வரை வாயே திறக்கக் கூடாது என்று அண்ணா சொல்கிறார். நான் என்ன செய்ய?
— ஒரு வாசகர், திருகோணமலை

பதில்: தம்பி, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய வீடியோவைத்தான் முதலில் பார்த்தேன். வள்ளம் அலைக்கு எதிராகத் திரும்பும்போது அணியம் (வள்ளத்தின் முன்பக்கம்) மெல்லத் தூக்கி, அலை கடந்ததும் இறங்குகிறது. வேகம் கூடினால் தூக்குவதும் கூடுகிறது. இதை யாரோ எழுதிவைத்ததிலிருந்து எடுத்துப் போட முடியாது. கடலில் வள்ளத்தைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்ட ஆள்தான் செய்ய முடியும். ஆகவே உங்களை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துக்கொள்வதை இன்றோடு விடுங்கள். வேலை நடந்திருக்கிறது. நடந்ததைவிடப் பெரிதாகச் சொல்லிவிட்டீர்கள், அதுதான் சிக்கல்.

புதிதாக ஒன்றை அறிவிக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

காரணம் சொல்கிறேன். ஒரு வேலையைச் செய்யப்போகிறேன் என்று சொன்னதுமே ஆக்கள் பாராட்டினால், வேலை முடிந்த திருப்தியில் ஒரு பங்கு அப்போதே கிடைத்துவிடுகிறது. நியூயோர்க் பல்கலைக்கழக உளவியலாளர் பீட்டர் கொல்விட்சரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைப் பற்றி 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சட்ட மாணவர்களையும் வைத்துச் செய்த பரிசோதனைகள் அதில் இருக்கின்றன. தங்கள் நோக்கத்தை இன்னொருவர் அறிந்துகொண்டார் என்ற நிலையில் இருந்தவர்கள், யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தவர்களைவிட அந்த வேலையில் குறைவாகவே ஈடுபட்டார்கள். "நான் இப்படிப்பட்ட ஆள்" என்று காட்டிக்கொள்ளும் விஷயங்களில்தான் இது நடக்கிறது என்பது அவர்கள் கண்டது. கேம் செய்கிறவன் என்ற பெயர் காலைக் கூட்டத்திலேயே உங்களுக்குக் கிடைத்துவிட்டது, இல்லையா? இரண்டாவது போஸ்டருக்கும் அதே மாதிரிப் பாராட்டு வரும். அது முதல் போஸ்டரைவிட வடிவாகவும் இருக்கும். கேம் மட்டும் இருக்காது.

வீட்டிலிருந்து பிஎஸ்பிக்கும் நின்ரெண்டோ டிஎஸ்ஸுக்கும் கேம் எழுதுகிற இளம் பிள்ளைகள் பலர் விழுகிற குழிதான் இது. அதற்கு அந்த மெசினின் இயல்பும் ஒரு காரணம். பிஎஸ்பிக்கு எழுதும் கருவித் தொகுப்போடு மாதிரி நிரல்கள் இலவசமாக வருகின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துக் கொஞ்சம் மாற்றினால் ஒரே இரவில் உங்கள் படம் திரையில் வந்து நிற்கும். அதைப் பார்க்கிற யாருக்கும் பாதிக் கேம் முடிந்த மாதிரித்தான் இருக்கும். உண்மையில் மிச்சம் கிடக்கிற வேலை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத வேலை. ஹோம் பொத்தானை (உங்கள் 3000 வகையில் பிஎஸ் பொத்தான்) அமத்தினால் கேம் ஒழுங்காக வெளியேற வேண்டும், அதற்கான நிரலை நீங்களே எழுதிப் பதிவுசெய்யாவிட்டால் அது வெளியேறாது. நடுவில் மெசினைத் தூங்கவைத்துத் திரும்ப எழுப்பினால், திறந்து வைத்திருந்த கோப்புகள் கைவிட்டுப் போய்விடும். பிடித்த மீனின் கணக்கு மெமரி ஸ்டிக்கில் சேமிக்கப்பட வேண்டும். இதில் எதையும் போஸ்டரில் போட முடியாது. ஆனால் விளையாடுகிறவன் கோபப்படுவது இவற்றில்தான்.

இன்னொன்றையும் கவனித்தேன். உங்கள் வீடியோ கொம்பியூட்டரில், எமுலேட்டரில் (பிஎஸ்பி மாதிரி நடிக்கிற மென்பொருளில்) ஓடும்போது எடுத்தது. எமுலேட்டர் பல பிழைகளை மன்னித்துவிடும், கைமெசின் மன்னிக்காது. உங்களிடம் இருப்பது 3000 வகை, அதில் 64 மெகாபைட் நினைவகம். முதலில் வந்த 1000 வகையில் 32தான், அதிலும் 24தான் கேமுக்குக் கிடைக்கும். வரைவதற்கென்று தனியாக இருக்கும் நினைவகம் 2 மெகாபைட். திரை 480க்கு 272 புள்ளிகள். ஆனால் படத்தின் நீள அகலம் 256, 512 என்று இரட்டித்துப் போகிற அளவுகளில் இருக்க வேண்டும் என்பதால், முழுத்திரைக் கடல் படம் ஒன்றை 512க்கு 512இல் வைத்திருப்பீர்கள். முழு வண்ணத்தில் அது ஒன்றே 1 மெகாபைட். வானம் ஒன்று, கடல் ஒன்று, கரை ஒன்று என்று அடுக்கினால் 12 கட்டங்களுக்கு என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். இந்தக் கணக்கைப் போடாமல்தான் பொங்கல் தேதி போஸ்டரில் ஏறியது.

தமிழ் எழுத்து உடைவதைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்களை நிறுத்திவைத்திருப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது. கேமின் பெயரையே எடுங்கள். "கொட்டியாரம்" என்று எழுதும்போது கொம்பு க-வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். கொம்பியூட்டர் இதைச் சேமிக்கும்போது முதலில் க, பிறகுதான் உயிர்க்குறி. வட்ஸ்அப்பில் சரியாகத் தெரிவது, போனுக்குள் இருக்கும் எழுத்து வடிவமைக்கும் நிரல் அதை ஒழுங்குபடுத்திக் காட்டுவதால். பிஎஸ்பியில் நீங்கள் பாவிக்கிற சிறிய எழுத்து வரையும் நிரல் வந்த ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாக வரைகிறது. அதனால் கொம்பு தவறான பக்கத்தில் போய் நிற்கிறது. இதோடு கு, சு, து, மு என்று ஒவ்வொரு மெய்யும் உகரத்தோடு சேரும்போது வேறு வேறு வடிவம் எடுக்கிறது. 18 மெய்க்கும் உ, ஊ இரண்டுக்கும் என்று 36 தனி வடிவங்கள் வேண்டும். ஆங்கிலத்தில் கேம் செய்கிற ஒரு பெடியனுக்கு இந்த வேலை ஒன்றுமே இல்லை. உங்களுக்கு இது ஒரு மாத வேலை. "முழுக்கத் தமிழில்" என்று எழுதியபோது இது உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதற்காக உங்களைக் குறைசொல்லவும் மாட்டேன்.

ஆனால் வழி இருக்கிறது. உங்கள் கேமில் வருகிற வசனங்கள் எத்தனை? முப்பதுக்கு மேல் இருக்காது. ஒவ்வொரு வசனத்தையும் கொம்பியூட்டரிலேயே சரியான எழுத்துருவில் படமாக்கி, அந்தப் படத்தையே திரையில் காட்டுங்கள். 256க்கு 32 அளவில், 16 நிறங்கள் மட்டும் வைத்துச் செய்தால் ஒரு வரிக்கு 4 கிலோபைட். முப்பது வரிக்கு 120 கிலோபைட். உங்கள் ஒரு கடல் படத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. எழுத்தை ஒழுங்குபடுத்தும் நிரலை அடுத்த கேமுக்கு ஆறுதலாக எழுதலாம். அதை எழுதி மற்றவர்களும் பாவிக்கக் கொடுத்தீர்கள் என்றால், தமிழில் செய்ய நினைக்கிற எல்லாருக்கும் அது பெரிய உதவி.

சரி, அண்ணா சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது பாதி சரி. கம்பனிகளே இதில் மாட்டுப்பட்டிருக்கின்றன. டியூக் நியூகெம் ஃபொரெவர் என்ற கேமை 1997இல் அறிவித்தார்கள், அது வெளிவந்தது 2011இல். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்த இடத்திலேயே 14 வருடம். அண்ணாவின் பயம் நியாயமானது.

ஆனால் வாயே திறக்காதே என்றால் உங்களைப் போன்றவர்கள் பாதியில் விட்டுவிடுவீர்கள். திருமலையில் பக்கத்து வீட்டுக்குப் போய் "இந்த நிரல் ஏன் நிற்குது, ஒருக்காப் பார்" என்று கேட்க ஆள் இல்லை. தனியாக ஓர் அறைக்குள் மாதக்கணக்காக இருந்து செய்கிற வேலை இது. யாராவது பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். நீங்கள் போஸ்டர் போட்டதும் அந்தத் தனிமையால்தான் என்று நினைக்கிறேன். லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எழுதிய லினக்ஸ் என்ற கொம்பியூட்டர் இயங்குதளத்தைப் பற்றி 1991 ஆகஸ்டில் முதன்முதலாக வெளியே சொன்னபோது அவருக்கு 21 வயது. அவரும் முடிக்காமல்தான் சொன்னார். ஆனால் இது பொழுதுபோக்குத்தான், பெரிதாக வராது என்று குறைத்துச் சொன்னார். தன் கையில் ஏற்கெனவே எந்தெந்தச் செயலிகள் அதில் ஓடுகின்றன என்று பெயரோடு சொன்னார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். உங்கள் போஸ்டரில் இல்லாதது இதுதான், தம்பி. ஓடுகிறதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை, எல்லாமே வரப்போகிறவை.

இனிமேல் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கைமெசினில் ஓடுகிறதை மட்டும் சொல்லுங்கள், சொல்லும்போதே அதைக் கையிலும் கொடுங்கள். வள்ளம் ஓடுகிறதா? அந்தக் கோப்பை பிஎஸ்பி வைத்திருக்கிற ஒரு நண்பனுக்குக் கொடுத்து, ஐந்து நிமிடம் அவன் விளையாடுவதைப் பேசாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். எந்தப் பொத்தானை முதலில் அமத்துகிறான், எங்கே சலித்துப்போகிறான் என்று பார்த்தால் அடுத்த கிழமைக்கான வேலை தானாக வந்துவிடும். நூறு பேரின் "சூப்பர் மச்சான்" உங்களுக்கு இதைச் சொல்லித்தராது.

ஏற்கெனவே சொன்னதை என்ன செய்வது? அதே வட்ஸ்அப்பில், அதே ஆக்களுக்கு, சுருக்கமாக எழுதுங்கள். இப்படி எழுதினால் போதும்: "பொங்கலுக்குக் கேம் தருவேன் என்று சொன்னேன், முடியவில்லை. இப்போது வள்ளம் ஓடுகிறது, மிச்சம் செய்துகொண்டிருக்கிறேன். சிறியதாக ஒரு கேம் வரும், தேதி சொல்லமாட்டேன்." பரீட்சை, கரண்ட் கட், பழைய லப்டொப் என்று காரணங்களை அடுக்க வேண்டாம். இரண்டு நாள் பகிடி பண்ணுவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். பின்னேரம் வழக்கம்போல உட்துறைமுக வீதிக்குப் போங்கள். கேட்டால் இதே பதிலைச் சொல்லுங்கள். சேரிடம் மட்டும் மெசேஜில் சொல்லாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள். உங்களுக்காக அவர் தன் வாயால் கூட்டத்தில் பேசியவர், அந்த மரியாதையை நீங்கள் கொடுக்க வேண்டும். முடிந்தால் பிஎஸ்பியையும் கொண்டுபோய் ஓடுகிற வள்ளத்தைக் காட்டுங்கள்.

"முதல்" என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். 2005இலிருந்து உலகம் முழுக்க ஆக்கள் வீட்டிலிருந்து பிஎஸ்பிக்கு எழுதிவருகிறார்கள். எங்கோ ஒரு தமிழ்ப் பிள்ளை உங்களுக்கு முன்பே ஒன்றைச் செய்து மெமரி ஸ்டிக்கில் வைத்திருக்கலாம். வீடியோவின் பின்னணியில் ஓடுகிற சினிமாப் பாட்டும் வேண்டாம், அடுத்தவரின் இசையை வைத்துக் கேமை நீங்கள் வெளியிட முடியாது. விடியக் காலையில் மீன்வாடிப் பக்கம் போய், வள்ளத்து எஞ்சின் கிளம்புகிற சத்தத்தைப் போனில் பதிவுசெய்யுங்கள். உங்கள் கேமுக்கு அதைவிடப் பொருத்தமான சத்தம் கிடைக்காது.

அப்புறம் கேமைக் குறுக்குங்கள். ஒரு குடா, ஒரு வள்ளம், ஒரு பயணம். மூதூர்க் கரையிலிருந்து வெளிக்கிட்டு, மகாவலி கடலில் விழுகிற பக்கம் வலை போட்டு, இருட்டுமுன் திரும்பி வர வேண்டும். வந்தால் வெற்றி, எண்ணெய் முடிந்தால் தோல்வி. இதற்கு ஒரு தொடக்கம், ஒரு முடிவு, ஒழுங்காக வெளியேற ஒரு வழி இருந்தால் அது முடிந்த கேம். மற்றப் 11 கட்டங்களும் கொப்பியில் இருக்கட்டும். இரண்டு பேர் விளையாடுவதை முழுதாகவே கைவிடுங்கள். அதைச் சோதிக்க இரண்டு மெசின் வேண்டும், உங்களிடம் இருப்பது ஒன்று.

பரீட்சை முடிவு வந்து, பல்கலைக்கழகம், விண்ணப்பம் என்று நீங்கள் ஓடத் தொடங்குமுன் இந்த அளவு முடியும். முடிந்த அன்றைக்குப் போஸ்டர் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள், கோப்பு எங்கே கிடைக்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அதற்கு முன் எனக்கும் ஒரு கோப்பு அனுப்புங்கள். என் அக்காவின் மகனிடம் ஒரு பிஎஸ்பி-1000 இருக்கிறது, அந்த 32 மெகாபைட்டில் உங்கள் கேம் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவன் விளையாடிப் பார்த்துச் சொல்வான்.